இரண்டு பாதை, ஒரே குழி: ஒரு ஃபைபர் இன்வென்டரியின் நிகழ்வு ஆய்வு

இரவு இரண்டரை மணி. கண்காணிப்பு அறையிலிருந்து போன். "சார், பி நிலையம் மொத்தமா போயிடுச்சு. கிழக்குப் பக்கமும் இல்ல, மேற்குப் பக்கமும் இல்ல."

"ரெண்டும் சேர்ந்து எப்படிப் போகும்? கரன்ட் போயிருக்கும். ஜெனரேட்டரைப் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

இந்த ஆய்வில் பதிவாக வேண்டிய முதல் தவறு அதுதான். செய்தவன் நான். அந்த வலையமைப்பில் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று பதிந்து வைக்கும் இன்வென்டரி மென்பொருளைப் பராமரித்தவனும் நானே என்பதால், கீழே வரப்போகும் பிழைகளில் பாதி என் கையெழுத்துப் போட்டவை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அது ஒரு ரிங். ஏ நிலையத்திலிருந்து பி நிலையத்துக்குக் கிழக்கே ஒரு கேபிள், மேற்கே ஒரு கேபிள். இரண்டிலும் 48 ஃபைபர், அதாவது ஒளியிழை. ஒன்று அறுந்தால் டிராஃபிக் மற்றதுக்குத் தாவிவிடும், ஜி.8032 போன்ற ரிங் பாதுகாப்பு நெறிகள் இதற்கு வைத்திருக்கும் இலக்கு 50 மில்லி செகண்டு. பயன்படுத்துபவருக்கு எதுவும் தெரியாது. எங்கள் வரைபடத்தில் அந்த இரண்டு கேபிளும் நிலையங்களின் வாசலைத் தவிர வேறெங்கும் ஒன்றையொன்று நெருங்கவே இல்லை. அப்படியானால் இரண்டும் ஒரே நொடியில் போவதற்குக் கேபிள் காரணமாக இருக்க முடியாது, பி நிலையத்தின் மின்சாரம்தான் காரணம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்குக்குக் கொடுத்த தகவல்தான் தவறு.

முக்கால் மணி நேரம் கழித்து, பி நிலையத்துக்குப் போன ஆள் கூப்பிட்டார். விளக்கு எரிகிறது, ஏசி ஓடுகிறது, பேட்டரி நிறைவாக இருக்கிறது. சரி, இப்போதுதான் தூக்கம் கலைந்தது.

ஏ நிலையத்தில் ஓ.டி.டி.ஆர் வைத்தோம். ஃபைபருக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, அறுந்த இடத்தின் தூரத்தைச் சொல்லும் கருவி அது. மேற்குக் கேபிளில் 6,840 மீட்டர். கிழக்குக் கேபிளில் 9,215 மீட்டர். இரண்டையும் மென்பொருளில் கொடுத்து "பிழை இடம் காட்டு" என்ற பட்டனை அழுத்தினேன். வரைபடத்தில் இரண்டு சிவப்பு ஊசிகள் விழுந்தன. இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒரே இரவில், ஒரே நொடியில், இரண்டு இடத்தில் வெட்டா? நம்பும்படி இல்லைதான். ஆனால் திரையில் ஊசி விழுந்துவிட்டால் மனிதன் நம்பிவிடுகிறான். இரண்டு குழுவை இரண்டு இடத்துக்கு அனுப்பினேன்.

மேற்கு ஊசியில் நின்ற குழு, "இங்க மண்ணே கலையல சார்" என்றது. கிழக்கு ஊசியில் நின்ற குழுவும் அதையே சொன்னது. மூன்றாவது போன், குழுவில் யாரும் பெயர் எழுதாமலே எப்போதும் இருக்கும், ஃபைபர் ஒட்டும் மூத்த ஸ்ப்ளைசரிடமிருந்து வந்தது. ஓய்வுபெற ஒரு வருடம்கூட இல்லாதவர்.

"தம்பி, எதுக்கு ஆளுங்கள ரெண்டு இடத்துல நிறுத்தி வெச்சிருக்கீங்க? ரெண்டு கேபிளும் அங்க ஒரே குழியிலதானே போகுது."

"எந்தக் குழி அண்ணே?"

"பாலம் வேலை நடந்தப்ப மாத்திப் போட்டமே. மேற்கு ரூட்ல பதினாலாம் சேம்பர்லேர்ந்து பத்தொன்பது வரைக்கும். அங்க ஒரு டக்ட் காலியா இருந்துச்சு, அதுலதான் கிழக்குக் கேபிள இழுத்தோம். டெம்ப்ரவரின்னு சொன்னாங்க."

சேம்பர் என்பது கேபிளை எடுத்துப் பார்க்கத் தரைக்குள் கட்டிய மூடி போட்ட தொட்டி, டக்ட் என்பது கேபிள் போகும் குழாய். பதினாறாம் சேம்பருக்கும் பதினேழாம் சேம்பருக்கும் நடுவில் புது மண் குவிந்திருந்தது. பக்கத்தில் பொக்லைன் சக்கரத் தடம். ஓட்டியவர் கேபிளைப் பார்த்ததும் குழியை மூடிவிட்டுப் போய்விட்டார் போல. தோண்டினால், ஒரே வாளி வெட்டில் இரண்டு கேபிளும் பிய்ந்து கிடந்தன.

மென்பொருள் அன்று சும்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு நேரம் போயிருக்காது. தெரியாது என்று அது சொல்லியிருந்தால் நாங்கள் நாலு பேரைக் கேட்டிருப்போம். அது தெரிந்ததுபோலப் பேசியது. முதலில் ஜெனரேட்டருக்கு அனுப்பியது, பிறகு தவறான இரண்டு இடத்துக்கு அனுப்பியது.

வரைபடத்துக்குப் பின்னால் இருப்பது

வெளித்தள இன்வென்டரி, அதாவது கட்டடத்துக்கு வெளியே கிடக்கும் கேபிள்களின் பதிவு என்றதும் பலருக்கும் கணினியில் ஓடும் வண்ணக் கோடுகள்தான் நினைவுக்கு வரும். கோடு அதன் மேல்தோல். உள்ளே இருக்க வேண்டியது ஓர் அடுக்கு. பூமியில் சேம்பர், கம்பம், பள்ளம். பள்ளத்துக்குள் டக்ட். டக்டுக்குள் கேபிள். கேபிளுக்குள் வண்ணக் குழாய்கள், குழாய்க்குள் ஃபைபர். ஜாயின்டில் எந்த ஃபைபர் எந்த ஃபைபரோடு உருக்கி ஒட்டப்பட்டிருக்கிறது என்ற ஸ்ப்ளைஸ் பட்டியல். கடைசியாக, அந்தத் தொடரின் மேல் ஓடும் சர்க்யூட், அதாவது ஒரு சேவைக்கான இணைப்பு. "இந்த டக்ட் வெட்டுப்பட்டால் யார் யாருக்குச் சேவை போகும்?" என்ற கேள்விக்கு இந்த அடுக்கில் கீழிருந்து மேல் ஏறிப் போனால் பதில் கிடைக்கும். "இந்தச் சேவை எந்தத் தெரு வழியாகப் போகிறது?" என்றால் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். நடுவில் ஒரு படி இல்லாவிட்டாலும் இரண்டு பயணமும் பாதியில் நின்றுவிடும்.

சாதாரண வரைபடக் கோப்பில் இந்த அடுக்கு கிடையாது. கேட் (CAD) என்ற வரைபட மென்பொருளில் வரைந்த கோடு ஒரு ஜாயின்டுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் முடிந்திருந்தாலும் கண்ணுக்குத் தொட்ட மாதிரிதான் தெரியும். தேடும் நிரலுக்கு அது அறுந்த கேபிள். இன்னொரு சிக்கல் நடுவழி ஜாயின்ட். 48 ஃபைபர் கேபிளைத் திறந்து நாலே நாலு ஃபைபரை மட்டும் வெட்டிக் கிளை எடுப்போம்; மீதி 44 வெட்டாமலே சுருட்டி உள்ளே போகும். இதைச் சொல்ல வழியில்லாத மென்பொருளில், இல்லாத 44 ஸ்ப்ளைஸைப் பொய்யாக எழுத வேண்டியிருக்கும். ஒரு ஸ்ப்ளைஸுக்கு 0.1 டெசிபல் ஒளி இழப்பு என்று வைத்தால், இப்படி ஒன்பது ஜாயின்ட் தாண்டும் ஃபைபருக்கு இல்லாத இழப்பு 0.9 டெசிபல் கணக்கில் ஏறிவிடும். மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் டெமோவில் இந்த ஒன்றைச் செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் டெமோ கேபிள் எல்லாம் ஒரு ஜாயின்டில் தொடங்கி அடுத்த ஜாயின்டில் முடிந்துவிடும்.

எங்களுடையது போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தின் மேல் நாங்களே கட்டிக்கொண்டது, திரைக்கு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். இரண்டும் தங்கமான கருவிகள், நடந்த எதற்கும் அவை பொறுப்பில்லை.

ஒரு காலிக் கட்டத்தின் கதை

கிழக்குப் பாதையில் ஒரு பாலத்தைப் புதுப்பித்தபோது, பாலத்தின் ஓரத்தில் தொங்கிய குழாயைக் கழற்ற வேண்டியிருந்தது. கேபிளை வெட்டி, குறுக்குத் தெரு வழியாக மேற்கு டக்டுக்குக் கொண்டுபோய், ஆறு சேம்பர் தாண்டி மறுபடி கிழக்குக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரே இரவில் முடித்த நல்ல வேலை. பாலம் முடிந்ததும் திருப்பிப் போடலாம் என்று பேச்சு. பாலம் முடிந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கேபிளை யார் தொடுவார்?

இந்த மாற்றம் மூன்று இடங்களில் பதிவானது. பழுது வேலையைப் பதியும் டிக்கெட்டில் "சேவை சரியானது" என்று. ஜாயின்ட் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் போட்ட ஒரு படமாக. அந்தத் தாளின் போட்டோ, களப்பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில். டிக்கெட் மென்பொருளுக்குச் சேவை வந்துவிட்டால் போதும், அது எந்த வழியாக வந்தது என்று அது கேட்காது. இன்வென்டரிக்கோ டிக்கெட் இருப்பதே தெரியாது. இரண்டும் தனித்தனி மென்பொருள், தனித்தனி துறை.

அதன் பிறகுதான் பழைய கேட் படங்களையும் எக்செல் தாள்களையும் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றினோம். மாற்றும் ஸ்கிரிப்டை எழுதியவன் நான். கேபிள் அட்டவணையில் "நிலை" என்று ஒரு கட்டம், அதில் "திட்டமிட்டது" அல்லது "அமைந்தது" என்று ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். காலியாக விட்டால் தரவுத்தளம் ஏற்காது. பழைய கோப்பில் அப்படி ஒரு கட்டமே இல்லை. ஆயிரக்கணக்கான வரிசைகள் தள்ளுபடியாகி நின்றன. அன்று மாலைக்குள் முடிக்க வேண்டும். ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன்: காலியாக இருந்தால் "அமைந்தது" என்று போடு.

அந்த ஒரு வரியில், வடிவமைப்பாளர் மேசையில் உட்கார்ந்து வரைந்த கோடும், களத்தில் டேப் பிடித்து அளந்த கோடும் ஒன்றாகிவிட்டன. எது யார் சொல்லித் தெரிந்தது என்ற விவரம் அத்தோடு போயிற்று. இந்த நிகழ்வுக்கு மூலகாரணம் எது என்று என்னைக் கேட்டால் பொக்லைனைக் காட்டமாட்டேன், அந்த வரியைத்தான் காட்டுவேன். பொக்லைன் எங்கும் வரும்.

இந்தத் துறையின் பழைய பெரிய மென்பொருள்களில் இந்தப் பிரிவினையை முதலிலிருந்தே யோசித்திருக்கிறார்கள். 1980களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் பிறந்து 2000-ல் ஜெனரல் எலக்ட்ரிக் (ஜி.இ.) கைக்குப் போன ஸ்மால்வேர்ல்டில், ஒவ்வொரு வடிவமைப்பும் தரவுத்தளத்தின் தனிப் பதிப்பாகவே மாதக்கணக்கில் இருக்கலாம். வேலை முடிந்து ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பொதுப் பதிப்பில் கலக்கும். அதை வைத்திருந்தால் நாங்கள் தப்பியிருப்போமா என்றால், சந்தேகம்தான். திட்டத்தையும் அமைந்ததையும் அது பிரித்து வைக்கும். அமைந்த பிறகு இரவோடு இரவாக மாறியதை யாராவது வந்து சொன்னால்தானே அதற்கும் தெரியும்?

டிராஃபிக் எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் ரௌட்டர் வரை தவறு பரவியிருந்தது. ஒரே டக்டில் போகும் இணைப்புகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, "இவை சேர்ந்தே சாகும், ஒன்றுக்கு மற்றதை மாற்றுப் பாதையாக எடுக்காதே" என்று ரௌட்டருக்குச் சொல்லும் வழக்கம் உண்டு. 2005-ல் வந்த இணைய நெறி ஆவணமான ஆர்.எஃப்.சி. 4202 இதைப் பகிர்ந்த அபாயத்தில் உள்ள இணைப்புகளின் குழு என்று விவரிக்கிறது. ஆனால் அந்த எண் தானாக வராது. எங்கள் திட்டப் பிரிவில் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து, கிழக்குக்கு ஓர் எண், மேற்குக்கு வேறோர் எண் என்று கையால் அடித்திருந்தார். அவர்மேல் தப்பில்லை. வரைபடம் அப்படித்தான் சொன்னது.

248 மீட்டர் எங்கே போனது

கிழக்கு ஊசி ஏன் தவறியது என்பது புரிகிறது. சுற்றுப்பாதையே வரைபடத்தில் இல்லை. மேற்குக் கேபிள் வரைந்த இடத்திலேயேதான் இருந்தது. அப்படியும் அந்த ஊசி ஏன் ஒரு சேம்பர் தள்ளி விழுந்தது? இதற்குப் பதில் தேட எனக்கு இரண்டு வாரம் ஆனது. இந்த ஆய்விலேயே நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம் இதுதான்.

ஓ.டி.டி.ஆர் சொல்வது ஃபைபரின் நீளம். தரையின் நீளம் அதைவிடக் குறைவு. கேபிளுக்குள் வண்ணக் குழாய்கள் நடுக்கம்பியைச் சுற்றி முறுக்கியபடி போகின்றன, குழாய்க்குள் ஃபைபர் சற்றுத் தளர்வாகக் கிடக்கிறது. ஆகவே ஃபைபர் எப்போதும் கேபிள் உறையைவிட நீளம். எங்கள் கேபிளுக்கு இதை 1 சதவீதம் என்று கொண்டால், 6,840 மீட்டர் ஃபைபர் என்பது ஏறத்தாழ 6,772 மீட்டர் உறை. அப்புறம் லூப். பிற்காலத்தில் பழுது பார்க்க வசதியாகச் சேம்பர்களில் கேபிளைச் சுருட்டி வைப்போம். வழியில் ஒன்பது இடத்தில், தலா 20 மீட்டர். 180 மீட்டர் கழித்தால் தரையில் 6,592 மீட்டர்தான். எங்கள் மென்பொருளோ ஓ.டி.டி.ஆர் தூரத்தை எதுவும் கழிக்காமல் அப்படியே கோட்டின் மேல் வைத்து அளந்தது. 248 மீட்டர் தள்ளி ஊசி விழுந்தது.

இவ்வளவு வெளிப்படையான பிழை வருடக்கணக்கில் எப்படிக் கண்ணில் படவில்லை? முன்பெல்லாம் ஊசி சரியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. களக் குழுக்களே பாராட்டியிருக்கின்றன.

விடை, சில மாதங்களுக்கு முன் நானே பெருமையோடு செய்த ஒரு திருத்தத்தில் இருந்தது. அதுவரை கேபிள் நீளங்களை வெப் மெர்கேட்டர் என்ற, இணைய வரைபடங்களுக்கான தளத்தில் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். அந்தத் தளம் நில நடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும். 60 பாகை அட்சரேகையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எங்கள் பகுதியில் சுமார் 3 சதவீதம். அதாவது தரையில் 6,592 மீட்டர் தள்ளியிருக்கும் இடம், எங்கள் பழைய கோட்டில் 6,790-ஆவது மீட்டரில் இருந்தது. ஓ.டி.டி.ஆர் 6,840 என்று சொன்னால் வித்தியாசம் வெறும் 50 மீட்டர். கண்ணால் பார்த்துத் தோண்டுகிற குழுவுக்கு 50 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

இரண்டு தவறு எதிரெதிர்த் திசையில் சாய்ந்து ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நின்றிருந்தன. நான் ஒன்றைத் திருத்தினேன், கணக்கைப் பூமியின் வளைவுப் பரப்பில் சரியாகச் செய்யும் முறைக்கு மாற்றினேன். உடனே மற்றது தலைகாட்டியது. திருத்திய அன்று சோதனையெல்லாம் செய்தேன். நீளங்கள் அனைத்தும் சரி என்று பச்சை விளக்கு எரிந்தது. பழைய வெட்டு ஒன்றை எடுத்து, ஊசி எங்கே விழுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

இங்கே ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வேறெங்கும் இடம் கிடைக்காது. ஓ.டி.டி.ஆரில் ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஃபைபருக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகப் போகிறது என்ற எண்ணை, சரியாக வைக்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. சாதாரண ஒற்றைமுறை ஃபைபருக்கு 1550 நானோமீட்டரில் 1.468-ஐ ஒட்டி இருக்கும். அதில் 0.01 மாறினாலே இந்தத் தூரத்துக்கு 46 மீட்டர் பிசகும். இரண்டு குழுவின் கருவிகளில் இரண்டு வேறு எண் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பச்சைக் குழாயில் பச்சை

வெட்டைக் கண்டுபிடித்தாயிற்று. ஒரே குழியில் இரண்டு கேபிள், 96 ஃபைபர். எல்லாவற்றையும் ஒட்டி முடிக்கும் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். சேவை ஓடும் ஃபைபர்களை முதலில் ஒட்ட வேண்டும். எவை என்று இன்வென்டரிதான் சொல்லும். கிழக்குக் கேபிளில் முதல் வரிசையில் இருந்தது 27-ஆம் ஃபைபர்.

மென்பொருள் அச்சிட்டுக் கொடுத்த தாளில்: 27, பச்சைக் குழாய், பச்சை ஃபைபர். 12 ஃபைபர் கொண்ட நான்கு குழாய்கள் என்றால் அது சரி. நீலம், ஆரஞ்சு, பச்சை என்று மூன்றாவது குழாயில், அதே வரிசையில் மூன்றாவது ஃபைபர். ஆனால் பாலம் வேலையின்போது சுற்றுப்பாதையின் ஒரு பகுதிக்கு மட்டும் கிடங்கில் கையில் கிடைத்த கேபிளை இழுத்திருந்தார்கள். அதுவும் 48 ஃபைபர்தான், ஆனால் 6 ஃபைபர் கொண்ட எட்டுக் குழாய்கள். அதில் 27 என்பது ஐந்தாவதான சாம்பல் குழாயின் பச்சை ஃபைபர். பச்சைக் குழாயின் பச்சை என்றால் அது 15.

பழைய கேபிளின் பக்கம் ஒருவர் தாளைப் பார்த்துப் பச்சையில் பச்சையை எடுத்தார். அது அங்கே சரி. வெட்டின் இந்தப் பக்கம் கிடந்தது பாலம் வேலையின் துண்டு. அங்கே உட்கார்ந்த இளைஞரும் அதே தாளைப் பார்த்து, அதே பச்சையில் பச்சையை எடுத்து, துல்லியமாக ஒட்டினார். ஸ்ப்ளைஸ் இழப்பு 0.03 டெசிபல் என்று கருவி காட்டியது. அழகான ஒட்டு, தவறான ஃபைபர். சேவை வரவில்லை. அதைக் கண்டுபிடித்து வெட்டித் திரும்ப ஒட்டுவதற்குள் விடிந்துவிட்டது.

எங்கள் தரவுத்தளத்தில் "48 ஃபைபர்" என்பது ஒரே ஒரு கேபிள் வகை. ஆறும் எட்டும் என்று ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வண்ண வரிசை என்று இன்னொரு பொறியும் இருக்கிறது. அமெரிக்கத் தரமான டி.ஐ.ஏ-598 வரிசை நீலத்தில் தொடங்கும், ஜெர்மானிய வி.டி.இ. வரிசை சிவப்பில் தொடங்கும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கேபிள் கலந்து கிடக்கும் வலையமைப்பில் எண்ணை மட்டும் எழுதினால் போதாது, நிறத்தையும் எழுதினால் போதாது. கேபிள் துண்டு ஒவ்வொன்றுக்கும் அதன் குழாய் அமைப்பும் வண்ண வரிசையும் தனியாக இருக்க வேண்டும்.

செய்த மாற்றங்கள்

முதலில் செய்தது, ஒவ்வொரு பொருளுக்கும் "எப்படித் தெரியும்" என்று ஒரு கட்டம். நான்கு விடைகள்: அளந்தது, கண்ணால் பார்த்தது, பழைய படத்திலிருந்து எடுத்தது, ஊகம். பழைய வரிசைகள் அனைத்தையும் ஒரே இரவில் "பழைய படத்திலிருந்து எடுத்தது" என்று இறக்கினேன். வரைபடத்தில் அளந்தவை முழுக் கோடு, மற்றவை புள்ளிக் கோடு. மறுநாள் காலையில் திரையைத் திறந்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். வலையமைப்பு முழுவதும் புள்ளி.

அதைவிடப் பெரிய சண்டை அடுத்த மாற்றத்தில் வந்தது. இரண்டு பாதைகள் உண்மையிலேயே தனித்தனியா என்ற கேள்விக்கு மென்பொருள் அதுவரை "ஆம்" அல்லது "இல்லை" என்று சொல்லும். இப்போது வழியில் ஒரு துண்டு புள்ளிக் கோடாக இருந்தாலும் "தெரியாது" என்று சொல்லும், எந்தத் துண்டால் தெரியாது என்றும் காட்டும். வாடிக்கையாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டிய பிரிவினர் கொதித்தார்கள். "நேத்து வரைக்கும் ஆம்னு சொன்னது இன்னைக்கு எப்படித் தெரியாதுன்னு ஆகும்?" நேற்றும் தெரியாதுதான், நேற்று சொல்லவில்லை என்றேன். அவர்களுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலே களச் சரிபார்ப்புக்கு வேலைத் திட்டமாக மாறியது. எந்த நான்கு சேம்பரைத் திறந்தால் அதிகப் பாதைகளுக்கு விடை கிடைக்கும் என்று வரிசைப்படுத்தித் தந்தது.

ஒரே டக்ட் என்றால் ஒரே எண் என்பதைத் தரவுத்தளமே இப்போது கணக்கிட்டு ரௌட்டர் குழுவுக்குத் தருகிறது. ஒரு பள்ளத்தில் இரண்டு டக்ட் பக்கத்தில் பக்கத்தில் போனால்? டக்ட் எண் வேறு, பொக்லைனுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று மீட்டருக்குள் இருந்தால் ஒன்றாகக் கருதலாம் என்று முதலில் நினைத்தேன். போனின் ஜி.பி.எஸ். திறந்த வானத்தின் கீழேயே ஐந்து மீட்டர் வரை பிசகும். அதை வைத்து எடுத்த கோடுகளுக்கிடையே மூன்று மீட்டர் என்பதற்குப் பொருளே இல்லை. ஆகவே பள்ளத்தையே தனிப் பொருளாகச் சேர்த்து, டக்டுகளை அதற்குள் வைத்தோம்.

பிழை இடத்தைக் கணக்கிடும் முறை முழுவதும் மாறிவிட்டது. கேபிள் உறையின் மேல் மீட்டருக்கு ஒரு எண் அச்சடித்திருக்கும். சேம்பருக்குள் நுழையும் இடத்தில் ஓர் எண், வெளியேறும் இடத்தில் ஓர் எண் எழுதிக்கொண்டால் லூப் எவ்வளவு என்பதை யாரும் ஊகிக்க வேண்டாம். இத்தனை வருடமாக அந்த எண் எங்கள் கண் முன்னாலேயே இருந்தது, எழுத மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கூடவே, ஏ நிலையத்திலிருந்து அளப்பதை நிறுத்திவிட்டு, ஓ.டி.டி.ஆர் படத்தில் தெரியும் கடைசி ஸ்ப்ளைஸ் புள்ளியிலிருந்து அளக்கிறோம். அந்த ஜாயின்ட் எந்தச் சேம்பரில் இருக்கிறது என்பது தெரியும். மீதி சில நூறு மீட்டருக்கு மட்டும்தான் பிழை வரும். சுற்றுப்பாதையை வரைந்து, புதிய முறையில் அந்த இரவின் இரண்டு எண்ணையும் திரும்பக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு ஊசிகளும் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் விழுந்தன.

இனி டிக்கெட். கேபிளைத் தொட்ட எந்த டிக்கெட்டும் ஜாயின்ட் பதிவு மாறாமல் மூடாது என்று இரண்டு மென்பொருளையும் இணைத்தோம். தற்காலிகம் என்று குறித்தால் ஒரு தேதி கேட்கும். அந்தத் தேதி தாண்டினால் கோடு சிவப்பாகும், யாராவது திருப்பிப் போடும் வரை, அல்லது இதுவே நிரந்தரம் என்று கையெழுத்துப் போடும் வரை அப்படியே இருக்கும்.

சரியாக வராதவை

களத்துக்கு முதலில் கொடுத்த மொபைல் படிவத்தில் 23 கட்டங்கள். எல்லாம் கட்டாயம். ஒரு மாதம் கழித்துத் தரவைத் திறந்தேன். சேம்பர் ஆழம்: புள்ளி. மூடி வகை: புள்ளி. குறிப்பு: புள்ளி. அதிகாலை மூன்று மணிக்கு, கையில் ஜெல் ஒட்டிய ஸ்ப்ளைசரிடம் 23 கேள்வி கேட்டால் புள்ளிதான் கிடைக்கும். காலிக் கட்டத்தை ஏற்காத தரவுத்தளத்துக்கு நான் பொய் கொடுத்தேன், என் படிவத்துக்கு அவர்கள் பொய் கொடுத்தார்கள். ஆறு கட்டமாகக் குறைத்தேன்: சேம்பர் எண், உள்ளே போகும் மீட்டர் எண், வெளியே வரும் மீட்டர் எண், கேபிள் வகை, ஜாயின்ட் ட்ரேயின் போட்டோ, தற்காலிகமா நிரந்தரமா. எதையும் "தெரியவில்லை" என்று விடலாம். இப்போது வருவது பெரும்பாலும் நிஜம்.

சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டு குழு ஒரே ஜாயின்டைத் திருத்தினால் எது வெல்லும் என்பது இன்னும் தீரவில்லை. தானாக ஒன்றாக்கும் முறைகள் சிலவற்றை முயன்றோம். இப்போதைக்கு இரண்டையும் அப்படியே வைத்து ஒரு மனிதரிடம் காட்டுகிறோம்.

புள்ளிக் கோடுகளும் நினைத்த வேகத்தில் குறையவில்லை. சேம்பர் திறக்க அனுமதி, ஆள், தண்ணீர் இறைக்க மோட்டார். சாலையின் மேல் புதுத் தார் போட்டு மூடிய சேம்பர்களை முதலில் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

மூத்த ஸ்ப்ளைசர் ஓய்வுபெறுவதற்கு முன் மூன்று மாதம் அவரைக் குழுப் பணியிலிருந்து விடுவித்து, ஓர் இளைஞரோடு மேற்குப் பாதை முழுக்க நடக்க அனுப்பினோம். அவர் சொல்வார், இளைஞர் போனில் அடிப்பார். கடைசி வாரம் நானும் போனேன். பதினெட்டாம் சேம்பர். மூடியைத் தூக்கியதும் அவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டுதானே அண்ணே இருக்கணும்?"

"ரெண்டு நம்மளது. அந்தக் கறுப்பு யாருதுன்னு எனக்கும் தெரியல தம்பி."

மூன்றாவது கேபிளின் உறையைத் துணியால் துடைத்தார். மீட்டர் எண் தெளிவாக இருந்தது: உள்ளே 2,206, வெளியே 2,219. இளைஞர் இரண்டையும் அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்படித் தெரியும்-ல என்ன சார் போட?"

"பார்த்ததுன்னு போடுங்க."

"யாருடையது?"

"தெரியாது."